அடி காணாத டீசல் தொட்டி

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் வழித்துத் துடைத்து எடுக்கக் கூடாது. அரிசி டின்னில் ஒரு பிடி கிடக்க வேண்டும், உப்புச் சாடியில் ஒரு கரண்டி, எண்ணெய்த் தூக்கின் அடியில் கொஞ்சம். புதிதாக வாங்கி வருவதை அந்த மிச்சத்தின் மேல்தான் கொட்ட வேண்டும். இது என் மாமியார் போட்ட சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் விவரம் தெரியாமல் அரிசி டின்னைக் கவிழ்த்துக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்துவிட்டேன். அத்தை திட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றி, டின்னில் மறுபடி அரிசி விழுந்த பிறகுதான் "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

இது சமையலறையோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஒரு பிடி பழைய அரிசியால் எந்தக் குடியும் முழுகிவிடாது. ஆனால் அத்தை அதே சட்டத்தை வீட்டுக்குப் பின்னால் நின்ற டீசல் தொட்டிக்கும் போட்டிருந்தார்.

எங்கள் வீடு மாடியில். கீழே பவர் டேபிள், அதாவது கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி. மாமனார் தொடங்கியது, இப்போது என் வீட்டுக்காரர் நடத்துகிறார். பின்பக்கம் தகர ஷெட்டில் ஒரு ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் இரும்புக் கால்களின் மேல் அந்தத் தொட்டி. மின்வெட்டு பாதி நாளைத் தின்றுகொண்டிருந்த வருடங்களில் மாமா வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. அந்த வருடங்களில் தொட்டிக்கு ஓய்வே கிடையாது. ஊற்ற ஊற்றக் குடித்தது. டீசல் பழசாவதற்கு நேரமே இருக்கவில்லை.

பிறகு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. மாதத்தில் ஒரு நாள், பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு டீசல் போட்டுத் தைத்தால் கட்டுப்படியாகாது என்று ஆட்களுக்கு லீவு விட்டுவிடுவோம். ஜெனரேட்டரை யாருக்காவது தள்ளிவிடலாம் என்று வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மாமாவின் மூச்சுக்கு வலு விட்டுப்போனது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் படியேறும்போது நடுவில் நின்றார். அப்புறம் படியேறுவதையே நிறுத்தினார். டாக்டர் பீடியைக் காரணம் சொன்னார். மாமா, முப்பது வருடமாக மூக்கில் ஏறிய பஞ்சைக் காரணம் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். கடைசியில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ராப்பகலாக அது ஓட வேண்டும். ஓடினால் மாமா தினத்தந்தி படிப்பார், என்னைக் கேலி செய்வார், சாம்பாரில் புளி தூக்கல் என்பார். நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு கறுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அந்த மிஷினைத் தாங்கவில்லை. ஃபேனும் லைட்டும் எரிக்க வாங்கிய இன்வெர்ட்டர் அது. மிஷினை மாட்டினால் சீக்கிரமே கத்திவிட்டு அணைந்துபோகும். ஆபத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் மூலையில் நின்றது. ஆக, மற்ற நாட்களில் மாமாவின் மூச்சு கரண்டில் ஓடியது. அந்த ஒரு நாளில் மட்டும் டீசலில் ஓடியது.

அதிலிருந்து அத்தைக்குத் தொட்டிதான் சாமி. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கீழே இறங்கிவந்து அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். பக்கவாட்டில் அளவு காட்ட, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு டியூப் மேலும் கீழுமாக மாட்டியிருக்கும். அதில் டீசல் ஒரு சாண் இறங்கியிருந்தாலும் போதும், "ஏனுங்க சாமி, தொட்டி நெறயோணுமல்லோ" என்று மகனைத் துளைத்து எடுத்துவிடுவார். வீட்டுக்காரரும் பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் வாங்கிவந்து ஊற்றுவார். ஊற்றும்போது தூசி போகக் கூடாது என்று புனலில் துணி வைத்து வடிகட்டுவார்கள். என்ன துணி? கம்பெனியில் கட்டிங் போக மிஞ்சிய பனியன் துணி. திருப்பூரில் எதைத் துடைக்கவும் எதை வடிகட்டவும் அதுதான். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் அந்தத் துணியிலிருந்து பொடிப் பஞ்சு டீசலோடு உள்ளே போனதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. தூசிக்குப் பயந்து பஞ்சை ஊற்றினோம்.

நான் மூலனூர்ப் பக்கத்துப் பெண். கிணற்றில் டீசல் இன்ஜின் வைத்து முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிய வீடு எங்களுடையது. கேனின் அடியில் கிடக்கும் கடைசி டீசலை எங்கள் அப்பா இன்ஜினுக்கு ஊற்ற மாட்டார், கரையான் புற்றுக்கு ஊற்றுவார். இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அடியில் போய் நிற்கும், தண்ணீர் நின்ற இடத்தில் அழுக்கு வளரும், அவ்வளவுதான். அத்தை சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே வெற்றிடம் குறைவு, இரும்பு வியர்த்துத் தண்ணீர் சொட்டுவதும் குறைவு. ஆனால் எத்தனை நிறைத்தாலும் எப்போதாவது ஒரு தடவை அடிவரை இறக்கிக் கழுவ வேண்டாமா? பட்டறைக்காரர்கள் கழிவு எடுப்பதற்கென்றே அடியில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதை யாரும் திருகியதே இல்லை. துருவேறி, தொட்டியோடு ஒட்டிப்போய்விட்டது.

துணி காயப்போடும் கொடி ஷெட்டுக்குப் பக்கத்தில்தான். அதனால் அளவு காட்டும் டியூப் தினமும் என் கண்ணில் படும். ஒரு நாள் அதன் அடியில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. நகக்கண் அகலம்தான். டியூப்பின் அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. உள்ளே இருந்தது. மழைக்காலம் முடிந்து பார்க்கும்போது அது விரல் அகலம் ஆகியிருந்தது. கிட்டே போனால் டீசல் வாசத்துக்கு நடுவில் சாக்கடை நெடி அடித்தது. வீட்டில் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு. "இவளுக்கு மூக்குல பொறந்தவன்னு பேரு வெச்சிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். ஷிப்மென்ட் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டில் எந்த ஷிப்மென்டுக்கும் பின்னால் இன்னொரு ஷிப்மென்ட் நிற்கும்.

அடுத்த பராமரிப்பு நாளில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் இறங்கியது, உடனே ஏறியது. கறுப்பாக ஒரு வாய் புகை விட்டது. மாமா ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி காதைக் கொடுத்துக் கேட்டார். மூக்கில் மாட்டிய டியூப்போடு சிரித்தார்.

"ஏம்மிணி, என்றகூடச் சேந்து அதும் இருமுது பாரு."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கீழே போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

மெக்கானிக் தென்காசிப் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு இங்கே பிழைக்க வந்து, பாதித் திருப்பூரின் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். நல்லவர்தான், ஆனால் அவருடைய "இந்தா வந்துட்டேன்க்கா" என்பதற்கு ஒரு வாரம் என்று பொருள். வந்தவர் ஃபில்டரைக் கழற்றினார். அது கறுப்பாக அடைத்துக் கிடந்தது. பிறகு ஒரு நீளக் கம்பியின் நுனியில் வெள்ளைப் பனியன் துணியைச் சுற்றி, தொட்டியின் மூடியைத் திறந்து அடிவரை விட்டு எடுத்தார். துணியில் கறுப்பாக, கொழகொழவென்று, வழுக்கிக்கொண்டு ஏதோ வந்தது. தரையில் உதறினார். அது உடையாமல் ஒரே துண்டாக விழுந்தது.

"அக்கா, அடியில பாசி கணக்கா கெடக்கு. இத எறக்கி, டீசல மொத்தமா வடிச்சி, உள்ள கழுவித்தான் ஆவணும். இப்ப ஃபில்டர் மாத்திருக்கேன், இன்னொண்ணு கையில குடுத்துட்டுப் போறேன், ஓடும். எத்தன நாளைக்குன்னு எங்கிட்ட கேக்காதீங்க."

"இன்னிக்கே வடிச்சுருங்களேன்."

"தொட்டி தளும்பத் தளும்ப நிக்கில்லாக்கா? இவ்ளோ டீசல எதுல புடிக்க? ஓடிக் கொஞ்சம் எறங்கட்டும், சொல்லுங்க, வாரேன்."

அப்படித்தான் எனக்கும் அத்தைக்கும் இடையில் அந்தப் பனிப்போர் தொடங்கியது. டீசல் இறங்க வேண்டும் என்று நான் காத்திருப்பேன். ஒரு சாண் இறங்கியதும் அத்தை நிரப்பச் சொல்லிவிடுவார். ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத்தை, இந்தத் தடவை ஊத்த வேண்டாமுங்க. கீழ எறங்குனா, மொத்தமா வடிச்சுட்டுக் கழுவிப் போடலாமுங்க. அடியில நெறய அழுக்குங்க."

அவர் கையிலிருந்த குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உங்க மாமன் மேல படுத்துட்டிருக்கறாரு. நீ தொட்டியத் தொடச்சுக் காலி பண்ணோணும்கற. அந்த வார்த்தையச் சொல்றதுக்கு உனக்கு எப்படி அம்மிணி வாய் வருது?"

"காலி பண்ணி மறுபடி ஊத்தறதுதானுங்க அத்தை. ஒரு காலை நேரத்து வேல."

"ஒரு நிமிசங்கூட அது காலியா நிக்கப்படாது. அவரு மூச்சு அதுலதான் இருக்குது."

அதே காரணத்துக்காகத்தான் நானும் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது, அதைக் கொண்டுபோய் அம்மிக்கல்லில் தேங்காயிடம் காட்டினேன். வீட்டுக்காரரிடம் இரவு சாப்பாட்டின்போது முறையிட்டேன். "அம்மாளோட மனசையும் பாக்கோணுமல்ல" என்றார். அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. எனக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பங்குனி. நாளை பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் எங்கள் பகுதியின் பேர் வந்திருந்தது. அத்தை அதை மாமாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். பிறகு மகனைக் கூப்பிட்டார். முந்தின தடவை ஓடியதில் தொட்டி பாதிக்கும் கீழே வந்திருந்தது. ஆடிட்டர், வங்கி என்று வீட்டுக்காரர் அலைந்ததில் நிரப்ப மறந்திருந்தார்கள். நான் மெக்கானிக்கிடம் சொல்லி, மின்தடை முடிந்த மறுநாள் வருவதாக வாக்கும் வாங்கி வைத்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு நாள் தாக்குப்பிடித்தால் போதும்.

நான் மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கீழே கேன் உருளும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஸ்டூல் மேல் நின்று, வாங்கி வைத்திருந்த கேன்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். புனல் இல்லை, துணி இல்லை, குடம் குடமாகக் கொட்டுகிற மாதிரி டீசல் அடிவரை இடித்துக்கொண்டு விழுந்தது. பக்கத்தில் அத்தை கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கேனையும் குலுக்கி ஊற்றச் சொன்னார். தளும்பியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் காலையில் துணி காயப்போடப் போனேன். டியூப்பின் அடியில் அந்தக் கறுப்பு வளையத்தைக் காணோம். டியூப் முழுக்கவே கலங்கிய காபி நிறத்தில் இருந்தது. எத்தனையோ மாதமாக அடியில் படுத்துக் கிடந்தது எல்லாம் எழுந்து மேலே வந்துவிட்டது. கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். காதர்பேட்டைக் கடைவீதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை இழுத்துவந்து காட்டினேன். "புது டீசல் அல்லோ, அப்படித்தான் இருக்கும்" என்று வண்டியை எடுத்தார். மெக்கானிக் போனை எடுக்கவில்லை. மேலே வந்தேன். மாமாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மிஷின் நின்றது. கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் முதல் தட்டிலேயே கிளம்பியது. சத்தம் சீராக இருந்தது. "பாத்தியா கண்ணு" என்றார் அத்தை, சந்தோஷமாக. காலை முழுக்க நான் சமைத்தேனா என்ன செய்தேன் என்று நினைவில்லை, காது மட்டும்தான் வேலை செய்தது. வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் சத்தம் லேசாக இறங்கியது. மாமா பேப்பரைக் கீழே வைத்து ஒரு விரலைத் தூக்கினார். ஏறியது. மறுபடி இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. பிறகு ஜெனரேட்டர் நின்றது. ஆக்சிஜன் மிஷின் நீளமாக ஒரு விசில் அடித்தது.

அத்தையிடம் மிஷினை இன்வெர்ட்டருக்கு மாற்றச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். மெக்கானிக் இப்போது போனை எடுத்தார், உடுமலையில் ஒரு தோப்பில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே கறுப்புத் தயிர். கையிலிருந்த மாற்று ஃபில்டரைப் போட்டு, காற்றை வெளியேற்றி, கிளப்பினேன். ஓடியது. நான் படி ஏறி மாடிக்கு வருவதற்குள் நின்றது. மறுபடி இறங்கிக் கழற்றினேன். புதுசும் கறுப்பு.

"அக்கா, அந்தத் தொட்டிய விட்டுருங்க. சுத்தமான டீசல் ஒரு கேன் இருந்தாப் போதும், இன்ஜினுக்குப் போற டியூப்பப் புடுங்கி நேரா கேனுக்குள்ள போட்டுருவோம், சாயங்காலம் வரைக்கும் ஓடும். இருக்காக்கா?"

சுவரோரமாகக் கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் லேசாக இருந்தன. வீட்டில் இருந்த நல்ல டீசல் சொட்டு விடாமல் நேற்றே அந்தச் சாக்கடையின் மேல் போயிருந்தது. கம்பெனிக்கு லீவு, பங்குக்கு அனுப்ப ஆளில்லை. நான் ஓடலாம் என்று கேனைத் தூக்கியபோது மாடியில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. கேனைப் போட்டுவிட்டு ஏறினேன். சிலிண்டரை மாட்டினேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அத்தை ஒரு கையால் மாமாவுக்கு விசிறிக்கொண்டு, இன்னொரு கையை அவர் நெஞ்சில் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"தொட்டி நெறய டீசல் இருக்குதே கண்ணு, ஏன் ஓட மாட்டேங்குது?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருகிறது. அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. பதில் நாக்கின் நுனியில் இருந்தது. மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார். அல்லது மூச்சுக்காக அசைத்தாரோ, தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சிலிண்டரின் முள் அடியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் அவர் உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் இதயம் களைத்துப்போய்விட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் மாமா போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு, அரிசி புடைத்துக்கொண்டே அத்தை என்னைக் கேட்டார்.

"அன்னிக்கு என்னதான் ஆச்சு கண்ணு அதுக்கு?"

"மிஷின் பழசுங்க அத்தை. உள்ள ஏதோ போயிருச்சாமா. மெக்கானிக் சொன்னாரு."

"தொட்டியில ஒண்ணுமில்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அவர் புடைத்துக்கொண்டே இருந்தார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். எத்தனை தடவை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டிருப்பேன்! அத்தனையும் அந்த முறத்தின் முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஜெயித்து என்ன செய்ய?

பிறகு வீட்டுக்காரர் ஜெனரேட்டரைக் கொடுத்துவிட ஆள் பார்த்தார். மெக்கானிக் வந்து தொட்டியிலிருந்த டீசலை டிரம்மில் வடித்துவிட்டு, சாப்பிட்டு வந்து உள்ளே கழுவுவதாகச் சொல்லிப் போனார். நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். கொஞ்ச நேரமாக அத்தையின் சத்தத்தையே காணோம் என்று தேடிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அவர் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தார். தொட்டியின் வாய்க்குள் தோள் வரை கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டிங் வேஸ்ட் கூடை, வெள்ளை வெள்ளையாகப் பனியன் துணி. கீழே கறுத்துப்போன துணிகள் ஒரு குவியல். ஷெட் முழுக்கச் சாக்கடை நாற்றம். "அத்தை, எறங்குங்க, மெக்கானிக் வந்துருவாரு" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு துணி கறுப்பாக வரும், போடுவார், அடுத்ததை எடுப்பார். வீட்டில் ஒரு டப்பாவைக்கூட வழித்தெடுக்க விடாத கை அது. கறுப்பு பழுப்பாயிற்று, பழுப்பு மங்கிற்று. கடைசியில் ஒரு துணி போன மாதிரியே வெள்ளையாக வெளியே வந்தது.

அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடி தெரியுது" என்றார்.

இறங்குவதற்குக் கை கொடுத்தேன். தோள் வரை கறுப்பாக இருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"இவ்வளவுதானா அம்மிணி வேல?"

என்னிடம் இன்னொரு பொய் இல்லை.

"ஆமாங்க அத்தை" என்றேன்.